தலைப்புப் பஞ்சமா, கேள்விப் பஞ்சமா?

பட்டமேற்படிப்புக்குப் பெயர் பதிந்துகொண்ட நம் மாணவர்கள் முதல் ஆறு திங்களும் பாடுகின்ற பல்லவி ஒன்று உண்டு. "தலைப்புக் கிடைக்கவில்லை" என்பதே அப்பல்லவி. கண்டவரிடமெல்லாம் தலைப்புக் கேட்கின்றனர். பழைய தமிழாசிரியரைக் கேட்கின்றனர், எழுத்தாளரைக் கேட்கின்றனர், தமிழ்நாட்டிலிருந்து சொற்பொழிவாற்ற வந்த பேராசிரியரை வானூர்தி நிலையத்திற்கு வழியனுப்பச் செல்லும் வண்டியிலேயே மடக்கிக் கேட்கின்றனர். அவரும் ஊர்போய்ச் சேரும் அவசரத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறார்: "இன்னாரின் புதினங்களில் பெண்மை - ஓர் ஆய்வு." மாணவர் மனம் குளிர்கிறது. தலைப்பு ஏற்கப்பெறுகிறது, பதிவாகிறது, சில ஆண்டுகள் கழித்து அட்டை கட்டப்பெற்று நூலகத்தின் மேல்தட்டில் ஏறுகிறது. அங்கிருந்து அதனை எடுத்துப் புரட்டுவார் யார்? அதே வாய்பாட்டில் இன்னொரு தலைப்பைத் தேடிவரும் அடுத்த மாணவரே.

தலைப்புக்குப் பஞ்சம் என்று நான் நம்பவில்லை. நம்மிடம் உள்ள பஞ்சம் கேள்விப் பஞ்சம். ஆராய்ச்சி என்பது விடை தெரியாத ஒன்றைக் கேட்டு, அதற்குச் சான்று தேடி, கிடைத்த சான்றுக்கு ஏற்ப விடை கூறுதல். தலைப்போ அவ்வேலை முடிந்தபின் முகப்பில் எழுதப்பெறும் பெயர்ப்பலகை. கடைக்குள் சரக்கே இல்லாதபோது பலகைக்குப் பெயர் தேடி ஆறு திங்கள் அலைவது என்ன வாணிகம்?

அந்த வாய்பாட்டைச் சற்று உற்று நோக்குவோம். "இன்னாரின் படைப்புகளில் இன்னது" என்னும் தலைப்பில் விளங்காமல் கிடக்கும் பொருள் எது? அவருடைய புதினங்களில் பெண்கள் வருகின்றனர் என்பது புதினத்தைப் படித்த எவர்க்கும் தெரியும். முதல் இயலில் ஆசிரியர் வரலாறு. இரண்டாம் இயலில் கதைச்சுருக்கம். மூன்றாம் இயலில் தாய், மனைவி, மகள், கைம்பெண் எனப் பாகுபாடு. முடிவுரையில் "ஆசிரியர் பெண்மையைப் போற்றியுள்ளார் என்பது பெறப்படுகிறது" என்று ஒரு வரி. அந்த வரியை எழுத எந்த நூலகத்திற்கும் போக வேண்டுவதில்லை. இத்தகைய ஆய்வேட்டைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆசிரியர் பெயரை எடுத்துவிட்டு வேறோர் ஆசிரியர் பெயரை வைத்துப் பாருங்கள். ஆய்வேடு அசையாமல் நிற்குமானால் அதனுள் ஆய்வு இல்லை. "ஓர் ஆய்வு" என்று தலைப்பின் வாலில் ஒட்டவேண்டிய தேவையும் அதனால்தான் நேர்கிறது; உள்ளே இருந்தால் வெளியே ஒட்டவேண்டாம். தமிழ்நாட்டில் இவ்வாய்பாட்டுக்கு நாற்றங்காலாக இருந்த எம்.ஃபில். பட்டத்தை இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. பட்டம் போயிற்று, வாய்பாடு கடல் கடந்து வந்து நம்மிடம் தங்கிவிட்டது.

இதனால் பழைய இலக்கியத்தையோ புதினத்தையோ ஆராயக் கூடாது என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. கோலாலம்பூரில் 1933ஆம் ஆண்டு பிறந்த க. கைலாசபதி, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழியறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தபோது எடுத்துக்கொண்டவை, பன்னூறு பேர் முன்பே உழுதுவிட்ட சங்கப் பாடல்களே. ஆனால் அவர் கையில் ஒரு வினா இருந்தது. ஹோமரின் காவியங்கள் எழுதப்பட்டவையல்ல, வாய்மொழியாகக் கட்டிப் பாடப்பட்டவை என்று மில்மன் பாரி நிறுவ முயன்றார் அல்லரோ? அப்படியாயின் நம் பாணரும் பொருநரும் பாடிய பாடல்களின் நிலை என்ன? இவ்வினாவினின்று எழுந்ததே 1968ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட 'தமிழ் வீரநிலைக் கவிதை' பற்றிய அவருடைய ஆங்கில நூல். அவர் முடிவை மறுத்து எழுதியோர் உளர், இன்றும் மறுக்கின்றனர். மறுக்க முடிந்தது என்பதே அதன் பெருமை. "ஆசிரியர் பெண்மையைப் போற்றியுள்ளார்" என்பதை மறுக்க யார் மெனக்கெடுவார்?

அதற்கும் முன்னே போனால் கும்பகோணம் வருகிறது. 1880ஆம் ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார், உ. வே. சாமிநாதையர் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் பட்டியலிடக் கேட்டுவிட்டு, "சிந்தாமணி படித்ததுண்டோ?" என்ற பொருள்பட வினவினார். அந்த வினாவுக்கு ஏழாண்டுகள் பிடித்தன. ஏட்டுச் சுவடியில் விளங்காதவற்றை அவர் போய்க் கேட்ட இடம் எது? அவ்வூரிலேயே வாழ்ந்த சமணர் இல்லங்கள். 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. தலைப்பை யாரோ கொடுத்தார் என்று இக்கதையைச் சொல்லித் திரிவோர் பாதியைத்தான் சொல்கின்றனர். பக்கத்துத் தெருவில் சான்று இருந்தது, அதைத் தேடி ஐயர் நடந்தார் என்பது மறுபாதி.

இனி நம் பக்கத்துத் தெருவுக்கு வருவோம். மலாக்கா மாநிலத்தில் வளர்ந்த ஒரு மாணவர், "ஆராய எதுவுமில்லை" என்று கூறும்போது எனக்குச் சினமே மூளுகிறது. நாட்டின் முதல் வாணிக இரப்பர்த் தோட்டம் எங்கே எழுந்தது? 1896ஆம் ஆண்டு மலாக்காச் சீனரான டான் சாய் யான், சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநர் ரிட்லியின் தூண்டுதலால் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் கித்தா மரத்தை நட்டார். பின்னர்ப் புக்கிட் அசகானில் பெரும்பரப்பில் பயிரிட்டார். இது பள்ளிப் பாடநூலில் உள்ள செய்தி. பாடநூல் நிறுத்திக்கொண்ட இடத்தில் ஆய்வு தொடங்க வேண்டாவா? அந்த மரங்களில் முதலில் பால் வெட்டியவர் யார்? சீன முதலாளியின் தோட்டத்திற்குத் தமிழர் எப்பொழுது வந்தனர்? கங்காணி வழியே வந்தனரா, முன்னமே மலாக்காவில் இருந்தோர் போய்ச் சேர்ந்தனரா? இக்கேள்விகள் ஒவ்வொன்றும் ஆண்டும் இடமும் பெயரும் உடையவை, சான்றால் தீர்க்கத்தக்கவை. "மலேசியத் தோட்டப்புறத் தமிழர் வாழ்வியல் - ஓர் ஆய்வு" என்று எழுதிக்கொண்டு போகும் மாணவர் இவற்றில் ஒன்றையும் தொடமாட்டார். அத்தலைப்புக்குள் எல்லாம் அடங்குவதால் எதுவும் அகப்படாது.

எல்லை கட்டுவது எப்படி என்பதைச் சொல்லித்தருவார் நம்மிடையே குறைவு. பெரிய தலைப்பே பெரிய ஆய்வு என்னும் மயக்கம் ஆழமாக வேரூன்றியுள்ளது. இந்நாட்டிந்தியரைப் பற்றி எழுதிய அறிஞர்களைப் பாருங்கள். கெர்னியால் சிங் சந்து 1969ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் 1786இல் தொடங்கி 1957இல் முடிகிறது. பினாங்கில் ஆங்கிலக் கொடி ஏறிய ஆண்டு ஒன்று. நாடு விடுதலை பெற்ற ஆண்டு மற்றொன்று. அதிலும் குடியேற்றத்தின் சில கூறுகளை மட்டுமே ஆராய்வதாக அவர் நூற்பெயரிலேயே வேலி போட்டுக்கொண்டார். இரவீந்திர ஜெயின் 1970இல் வெளியிட்ட நூலுக்காக ஓர் இரப்பர்த் தோட்டத்தில் தங்கி, அதற்குப் 'பால் மெலாயு' எனப் புனைபெயரிட்டு எழுதினார். ஒரு தோட்டம்! அதன் உறவுமுறை, அதன் அதிகாரப் படிநிலை, அதன் சண்டை சச்சரவு. அந்த ஒரு தோட்டத்தைப் படித்தவர் நூறு தோட்டங்களை அறிந்துகொள்கிறார். உங்கு அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தது 1951 முதல் 1960 வரையிலான தோட்டத் துண்டாடலை. பத்தே ஆண்டுகள், ஒரே நிகழ்வு. இவர்களெல்லாம் சிறியனவற்றை எடுத்துக்கொண்டதால் சிறியோராகிவிட்டனரா?

எடுத்துக்காட்டாக ஒன்றை விரித்துக் கூறுகிறேன். ஒரு மாணவர் "தமிழர் சமுதாய மாற்றம்" என்று எழுதிக்கொண்டு வருகிறார் என்க. எந்த மாற்றம் என்று கேட்போம். தோட்டத்தை விட்டு நகருக்குப் போன மாற்றம் என்பார். எப்பொழுது? இரப்பரை வெட்டி வீழ்த்திச் செம்பனை நடத் தொடங்கியபின், அதாவது 1970களுக்குப் பின். எங்கே? ஜாசின் மாவட்டத்தில் ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை வந்தது இட எல்லையும் கால எல்லையுமே. கேள்வி இன்னும் பிறக்கவில்லை. இப்பொழுது, "யார் முதலில் போனார்?" என்று கேட்டுப் பாருங்கள். குடும்பத் தலைவர் வேலையிழந்து, குடும்பத்தோடு லயத்தைக் காலி செய்துகொண்டு போனார் என்பது ஒரு விடை. நாம் மேடைகளில் சொல்லிவருவதும் அதுவே. வேறொரு விடையும் இருக்கக்கூடும். பத்து பெரெண்டாம் தடையற்ற வணிக வட்டாரத்தில் 1970களில் மின்னணுத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டபோது, தோட்டத்து இளம்பெண்கள் முதலில் போய், அவர்கள் ஊதியத்தைக் கொண்டு பின்னர்க் குடும்பம் நகருக்குப் பெயர்ந்திருக்கலாம். இரண்டும் உண்மையாதல் போலத் தோன்றுகின்றன. இரண்டில் எது என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாத இடத்தில்தான் ஆய்வு பிறக்கிறது.

சான்று எங்கே கிடைக்கும்? தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் கிடைக்கும். பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் தொழில், முகவரி, பள்ளியை விட்டு நீங்கிய நாள் ஆகியவை ஆண்டுதோறும் வரிசையாக எழுதப்பெற்று ஏதேனும் ஓர் அலமாரியில் இருக்கும். கரையான் தின்னாதிருந்தால் இருக்கும். பெற்றோர் தொழில் என்னும் கட்டத்தில் "பால்வெட்டு" என்பது எந்த ஆண்டில் குறையத் தொடங்குகிறது, அதற்கு முன்னரே முகவரி மாறுகிறதா, பின்னரா என்று எண்ணினால் போதும். தமக்கையும் தம்பியும் ஒரே ஆண்டில் நீங்குகின்றனரா என்பதையும் பார்க்கலாம். பிறகு அதே குடும்பங்களில் பத்தையோ இருபதையோ தேடிச் சென்று நேரில் கேட்கலாம். கல்வி அமைச்சின் இசைவு வேண்டும். தலைமையாசிரியரின் நல்லெண்ணம் வேண்டும். குடும்பப் பெயர்களை வெளியிடாத கட்டுப்பாடு வேண்டும். இவை தொல்லைகளே, தடைகளல்ல. மலாக்காவின் 21 தமிழ்ப் பள்ளிகளில் 'லாடாங்' என்னும் சொல்லைப் பெயரில் தாங்கி நிற்பவை பல. அச்சொல்லுக்கும் அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கும் இன்று என்ன தொடர்பு என்பதே ஒரு கேள்விதான்.

ஆனால் நம் மாணவர் செய்வது வேறு. இவர்களுள் பலர் பள்ளியாசிரியர்கள். பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு மாலையில் ஆய்வுக்கு உட்காருவோர். அவர்களுடைய உழைப்பை நான் எள்ளவில்லை. எளிதாகக் கைக்கு எட்டுவது தம் பள்ளி என்பதால், "தமிழ்க் கற்பித்தலில் மாணவர் ஆர்வம்" என்று ஒரு வினாநிரல் தயாரித்துச் சக ஆசிரியர்களிடம் கொடுத்து, இத்தனை விழுக்காட்டினர் உடன்படுகின்றனர், இத்தனை விழுக்காட்டினர் உடன்படவில்லை என்று அட்டவணை கட்டுகின்றனர். அதே அறையின் மூலையில் பழைய பதிவேடு கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. கையருகே இருப்பதை எடுத்தது பிழையன்று. கையருகே இருந்தவற்றுள் பதரை எடுத்து நெல்லை விட்டதுதான் பிழை.

மலாக்காச் செட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் இப்பொருள் நிறைவு பெறாது. காஜா பெராங்கில் வாழும் இச்சமூகத்தார் சைவ சமயத்தினர். வீட்டில் பேசுவது மலாய் வழக்கு. தங்க ஆசாரித் தெருவில் உள்ள பொய்யாத விநாயகர் ஆலயம் 1781ஆம் ஆண்டு, டச்சுக்காரர் ஆட்சியில், இவர்களுடைய முன்னோர் எழுப்பியது. தமிழை இழந்தும் சமயத்தை இழக்காத ஒரு சமூகம் நம் வாயிற்படியில் இருப்பது எத்துணைப் பெரிய வாய்ப்பு! நாம் செய்வது என்ன? "மலாக்காச் செட்டிகள் - ஓர் ஆய்வு." அவர்கள் யார், என்ன உடுத்துகின்றனர், என்ன சமைக்கின்றனர் என்று சுற்றுலாக் கையேடு எழுதுகிறோம். சாமுவேல் துரைசிங்கம் 2006ஆம் ஆண்டு இவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதிவிட்டார். அறிமுகம் முடிந்தது, இனி வினவ வேண்டும்.

போகியன்றும், பின்னர்ப் பழங்கள் மிகும் பருவத்திலும் அவர்கள் முன்னோர்க்குப் படைக்கின்றனர். அப்படையலுக்குப் 'பர்ச்சு' என்று பெயர். இச்சொல் 'படைச்சு' என்பதன் திரிபு என்று ஒருவர் சொன்னால், டகரம் ரகரமாகும் திரிபு அவர்களுடைய வேறு சொற்களிலும் உண்டா என்று கேட்க வேண்டும். உண்டெனில் ஒரு விதி கிடைக்கும். இல்லையெனில் வேறு மூலம் தேட வேண்டும். அவர்கள் பேச்சில் எஞ்சிய தமிழ்ச் சொற்கள் எத்துறையைச் சார்ந்தவை? சமயச் சொற்கள் நின்று உறவுச் சொற்கள் மறைந்தனவா, உறவுச் சொற்கள் நின்று எண்ணுப்பெயர்கள் மறைந்தனவா? ஒரு மொழி ஓர் இல்லத்தை விட்டு நீங்கும்போது எந்த வாயில் வழியே கடைசியாக வெளியேறுகிறது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் இடம் உலகத்தில் மிகச் சிலவே இருக்கும். நகரத்துத் தமிழ் இல்லங்களில் இன்று நடப்பதை அறிந்தோர்க்கு இக்கேள்வி வெறும் பழம்பொருள் ஆராய்ச்சியாகத் தோன்றாது.

தோட்டத்துத் தமிழும் இத்தகையதே. பெரட்டு, கித்தா, மங்கு, காண்டா, மண்டோர், கிராணி, ஆயாக்கொட்டகை என்று இளமையில் நாம் பேசிய சொற்களை "கொச்சை" என்று ஒதுக்கினோம். மண்டோர் என்னும் சொல் போர்த்துகீசியரிடம் பிறந்து, மலாய் மொழியில் 'மண்டூர்' ஆகி, நம் வாயில் வந்து விழுந்தது. 1511ஆம் ஆண்டு போர்த்துகீசியர் கைப்பற்றிய அதே மலாக்காவின் தோட்டங்களில் இச்சொல் நூறாண்டுகளாக வழங்கிற்று. கித்தா, மலாய் 'கெத்தா'. காண்டா, மலாய் 'கண்டார்'. கருவிக்கும் பொருளுக்கும் மலாய்ச் சொல்லை ஏற்ற தொழிலாளி எவற்றுக்குத் தமிழ்ச் சொல்லை விடாது வைத்துக்கொண்டான்? ஒட்டுப்பால், கோட்டுப்பால் என்று ஏன் புதிதாகப் புனைந்தான்? அவன் சொல்லாக்கம் செய்தவன். சொல்லாக்கக் குழு எதிலும் அவன் பெயர் இல்லை.

"சான்று இல்லை, ஆவணம் இல்லை" என்பது அடுத்த முறையீடு. இதனைக் கூறுவோர் பெரும்பாலும் தேடாதோர். மலாக்கா 1826 முதல் நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்று. ஆகவே அதன் ஆவணங்கள் கோலாலம்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தோடு நின்றுவிடவில்லை; சிங்கப்பூரிலும் இலண்டனிலும் பரந்து கிடக்கின்றன. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் இங்கு அமர்த்தப்பட்ட இந்திய அரசின் முகவர், தோட்டம் தோட்டமாகச் சென்று ஆண்டறிக்கை எழுதினார். இராம. சுப்பையா 1969ஆம் ஆண்டிலேயே மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் 'தமிழ் மலேசியானா' என்னும் பட்டியலைத் தொகுத்து மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் வழி வெளியிட்டார். 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோயிற்று. அதன் 95 ஆண்டுப் பக்கங்களில் தோட்டத்துச் செய்திகளும் வாசகர் கடிதங்களும் வரிவிளம்பரங்களும் உள்ளன. 'தமிழ் முரசு' இதழின் பழைய பக்கங்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தார் கணினி வழியே எவரும் காணுமாறு செய்துள்ளனர். வீட்டிலிருந்தபடியே படிக்கலாம். படிக்கிறோமா?

மொழித் தடையும் ஒரு சாக்கு. சின்னப்பா அரசரத்தினம் யாழ்ப்பாணத்திலிருந்து இலண்டன் சென்று டச்சு மொழியைக் கற்று, டச்சு ஆவணங்களைக் கொண்டு ஈழத்தில் டச்சு ஆட்சியை ஆராய்ந்தார். அதே மொழித்திறன் பின்னர்ச் சோழமண்டலக் கரை வணிகரை ஆராய அவருக்குக் கை கொடுத்தது. இந்நாட்டு இந்தியர் பற்றிய அவர் நூல் 1970இல் வந்தது. தனிநாயக அடிகள் வத்திக்கான் நூலகத்திலிருந்த புரோயென்சா பாதிரியாரின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்-போர்த்துகீசிய அகராதியைத் தேடியெடுத்து, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். நம் மாணவர் கற்கவேண்டிய புதுமொழி ஒன்றுமில்லை. தமிழும் மலாயும் ஆங்கிலமும் அவர் பள்ளியிலேயே கற்றவை. இம்மூன்றையும் ஒருங்கே அறிந்தவர் சென்னையில் எத்தனை பேர், இலண்டனில் எத்தனை பேர்? மலாக்காச் செட்டியின் மலாய்ப் பேச்சுக்குள் ஒளிந்திருக்கும் தமிழைக் காணத்தக்க கண் இவருக்கு உண்டு. வெளிநாட்டு அறிஞருக்கு அக்கண் வாய்க்கப் பத்தாண்டு ஆகும். இத்தகைய செல்வத்தை மடியில் கட்டிக்கொண்டு, சென்னையில் சலித்தெடுத்த தலைப்பைக் கடன் கேட்பதை என்னென்பது!

நெறியாளர்களையும் விட்டுவிடுவதற்கில்லை. மாணவர் வந்தவுடன் "தலைப்போடு வா" என்று திருப்பி அனுப்புவது நெறிப்படுத்தல் ஆகாது. தாமே ஒரு தலைப்பை எழுதிக் கையில் திணிப்பதும் ஆகாது. படிவத்தில் தலைப்பைப் பதிய வேண்டிய நாள் நெருங்குகிறது என்பதற்காக வெறுமையான ஒன்றைப் பதியவைத்துப் பின்னர் நான்காண்டுகள் அதற்குள் மாணவரை அடைத்துவைக்கும் வழக்கம் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. முதல் பருவத்தில் மாணவரிடம் தலைப்பைக் கேட்காமல் மூன்று தாள் கேட்கலாம். தமக்கு வியப்பைத் தந்த ஒரு செய்தி ஒரு தாளில். அச்செய்திக்குப் பிறர் கூறிய விளக்கமும், அது ஏன் போதவில்லை என்பதும் இரண்டாம் தாளில். எந்த ஆவணத்தை, எந்த மனிதரைக் கண்டால் விடை தெரியும் என்பது மூன்றாம் தாளில். மூன்றாம் தாளை எழுத முடியாதவர் இரண்டாம் தாளுக்குத் திரும்பட்டும். அதுவும் இயலாதவர் தோட்டத்திற்குப் போய்வரட்டும். வினாவின் இறுதியில் கேள்விக்குறி இட முடிகிறதா என்று பார்ப்பதே நெறியாளரின் முதல் வேலை.

"தோட்டத்துச் செய்தி ஆராய்ச்சிக்குரிய மாண்பு உடையதன்று" என்று வாய்விட்டுச் சொல்வோர் இன்று குறைவு; மனத்துள் கருதுவோர் பலர். தோட்டத்திலிருந்து படித்து மேலே வந்தவர்களே பின்னால் திரும்பிப் பார்க்க நாணுகின்றனர். இந்த நாணத்திற்கு நாம் கொடுத்த விலையை ஓரிடத்தில் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாம்-பர்மா இரயில் பாதைக்கு இந்நாட்டுத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டு சென்றனர். பெருந்தொகையினர் திரும்பவில்லை. 1943இல் இருபது வயதாக இருந்தவர்க்கு இன்று நூறு கடந்திருக்கும். திரும்பி வந்தோரும், தோட்டத்தில் காத்திருந்த மனைவியரும் 1970களில் நம்மோடு லயத்தில் வாழ்ந்தனர்; கோவில் திண்ணையில் அமர்ந்திருந்தனர்; கேட்டால் சொல்லியிருப்பர். எழுத்தாளர்கள் கேட்டார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வந்தது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005இல் வந்தது. ஆய்வு மாணவர்களில் எத்தனை பேர் ஒலிப்பதிவுக் கருவியோடு ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் போனார்கள்? எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், கைம்பெண்கள் மறுமணம் செய்துகொண்டனரா, பிள்ளைகளை யார் வளர்த்தனர் என்று தோட்டவாரியாகக் கேட்டறியும் காலம் கண்முன்னே கடந்து போயிற்று. அக்கேள்விக்கு உயிருள்ள சாட்சி இனி ஏறத்தாழ இல்லை. அதே ஆண்டுகளில் "தலைப்புக் கிடைக்கவில்லை" என்னும் பல்லவியும் பாடப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

அடுத்து மறையப்போகும் தலைமுறை 1950களிலும் 1960களிலும் பால் வெட்டிய தலைமுறை. தோட்டத் துண்டாடலைக் கண்டவர்கள் அவர்கள். 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்ததையும், வெள்ளைத் துரை போய் உள்நாட்டு மேலாளர் வந்ததையும், இரப்பர் மரம் சாய்ந்து செம்பனை எழுந்ததையும் கண்டவர்கள். எண்பதும் தொண்ணூறும் வயதான அவர்கள் இன்று நகரத்துத் தாமான் வீடுகளில், பேரப்பிள்ளைகளின் தொலைக்காட்சி இரைச்சலுக்கிடையே பேசாமல் அமர்ந்திருக்கின்றனர். தோட்ட அலுவலகங்கள் மூடப்படும்போது கூலிக்கணக்குப் புத்தகங்களும் செக்ரோல் ஏடுகளும் குப்பைக்குப் போகின்றன. அவற்றை வேண்டுமென்று கேட்டு வாங்கிவைக்க ஒரு துறை, ஒரு சங்கம், ஓர் ஆலயம் முன்வந்தாலும் போதும். நாலு மாணவர்க்கு நாலு ஆய்வேடு அங்கேயே இருக்கிறது.

மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தில் மலாக்காவின் எல்லாத் தோட்டங்களிலும் வாழ்ந்தவர்கள் கூடுகின்றனர். இன்ன தோட்டத்தார் என்று ஒருவரையொருவர் இன்றும் சொல்லிக்கொள்கின்றனர். அத்தோட்டம் மண்ணில் இல்லை, பேச்சில் இருக்கிறது. மாணவர் ஒருவர் குறிப்பேட்டோடு அங்கே போகட்டும். போகுமுன் என்ன கேட்பது என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளட்டும். தலைப்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.